ஸ்கூட்டர் வாங்கப் போகும் வணிகருக்கு: பிடித்த வண்டி எது, தவிர்க்க வேண்டிய வண்டி எது?



மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். என் கடைக்குக் கொள்முதலுக்கு வரும் சில்லறைக் கடைக்காரர்கள் பருப்பு விலைக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "அண்ணாச்சி, ஒரு ஸ்கூட்டர் வாங்கணும், எதை வாங்கலாம்?" என்பதுதான். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் லாம்ப்ரெட்டாவில் தொடங்கி இன்றைய மின்சார வண்டி வரை ஓட்டியும், கடை ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்தும் பார்த்தவன். ஒரு முறை தவறாக வாங்கிக் கொடுத்து மனம் நொந்தவனும் கூட. அந்த அனுபவத்தைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ரசனை என்பது ஆளுக்கு ஆள் மாறும்

என் தந்தையார் லாம்ப்ரெட்டா கட்சி. அவருடைய கூட்டாளி வெஸ்பா கட்சி. இரண்டுமே இத்தாலி நாட்டு வண்டிகள். வெஸ்பா 1946-லும் லாம்ப்ரெட்டா 1947-லும் அங்கே வெளிவந்தன. நம் நாட்டில் லாம்ப்ரெட்டாவை பம்பாயில் ஏ.பி.ஐ. கம்பெனியார் செய்தார்கள். வெஸ்பாவை பஜாஜ் கம்பெனியார் இத்தாலிய உரிமம் பெற்றுச் செய்தார்கள். அந்த உரிமம் 1971-இல் முடிந்த பிறகு, 1972-இல் சேத்தக் என்ற பெயரில் தங்கள் வண்டியைக் கொண்டு வந்தார்கள். ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது.

இருவரும் மாலையில் கடை வாசலில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் தேர்தல் பேச்சு போலவே இருக்கும். லாம்ப்ரெட்டாவில் இன்ஜின் வண்டியின் நடுவில் இருக்கும். அதனால் பாரம் இரு பக்கமும் சமமாக விழும். நேராக ஓடும் என்பார் என் தந்தையார். வெஸ்பாவில் இன்ஜின் வலது பக்கம் ஒட்டியிருக்கும். வண்டி வலப்பக்கம் சற்று இழுக்கும். ஆனால் சக்கரத்தை ஒரு பக்கமாகவே கழற்றி ஸ்டெப்னியைப் பத்து நிமிடத்தில் மாட்டலாம். இன்ஜினில் கை வைப்பதும் எளிது என்பார் அவர் கூட்டாளி. இருவர் சொன்னதும் உண்மைதான். அவரவர்க்கு எது கைப்பழக்கமோ அதுவே சிறந்த வண்டி என்று தோன்றியது.

அந்த நாளில் ரசனைக்கு இடம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் கட்டுப்பாட்டுக் காலம் அது. பஜாஜ் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். என் தந்தையார் 1978-இல் பதிவு செய்த வண்டி 1984-இல்தான் கைக்கு வந்தது. கிடைத்த வண்டியை அப்படியே வேறொருவருக்கு விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்ற நிலை. ஆகவே கிடைத்ததைப் பிடித்ததாக ஆக்கிக்கொண்டோம். இன்று அப்படி இல்லை. காலையில் கடைக்குப் போனால் மாலையில் வண்டியோடு வரலாம். தேர்ந்தெடுப்பதுதான் கடினமாகிவிட்டது.

கியர் வண்டியும் கியர் இல்லாத வண்டியும்

பழைய சேத்தக்கில் இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்ற வேண்டும். பெட்ரோலுடன் ஆயில் கலக்க வேண்டும். பிளக்கில் கரி அடைக்கும். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துப் பிறகு கிக்கரை உதைப்போம். இவ்வளவு தொல்லை இருந்தும் அதை நேசித்தவர்கள் பல லட்சம் பேர். காரணம் எளியது. உடம்பு முழுவதும் தகடு. மூலைக்கு மூலை மெக்கானிக். சாமான் எங்கும் கிடைக்கும். கியர் கேபிள் அறுந்தால் வழியில் உள்ள சைக்கிள் கடைக்காரர் கூட மாட்டிவிடுவார். அந்தச் சேத்தக் 2000-களின் நடுவில் நின்று போனது. இன்று அதே பெயரில் வருவது மின்சார வண்டி. 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. பெயர் ஒன்று, வண்டி வேறு.

கியர் இல்லாத ஸ்கூட்டரை நம் நாட்டில் பலருக்கும் அறிமுகம் செய்தது 1980-களின் நடுவில் வந்த கைனடிக் ஹோண்டா. பட்டனை அழுத்தினால் கிளம்பும். எங்கள் தெருவில் முதன்முதலில் அதை வாங்கிய ஜவுளிக்கடைக்காரரை, "இது பொம்பளைப் பிள்ளைகள் வண்டி" என்று கேலி செய்தோம். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். 2001-இல் ஹோண்டா ஆக்டிவா வந்த பிறகு, கேலி செய்த நாங்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் கியர் இல்லாத வண்டிக்கு மாறினோம். இன்று புதிதாக விற்கும் ஸ்கூட்டர்கள் அனைத்தும் கியர் இல்லாதவையே.

மாறும்போது எங்களுக்கு ஏற்பட்ட சங்கடம் ஒன்று உண்டு. பழைய வண்டியில் பின் பிரேக் வலது காலில். புதிய வண்டியில் இரண்டும் கையில். ஆபத்து வந்த நேரத்தில் கால் பிரேக்கைத் தேடியது. ஒரு மாதம் மெதுவாகத்தான் ஓட்டினேன். ஐம்பது, அறுபது வயதில் வண்டி மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புது வண்டியில் முதல் மாதம் சரக்கு ஏற்ற வேண்டாம்.

என் தவறு

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

2003-ஆம் ஆண்டு, கடையில் டெலிவரிக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. கியர் இல்லாத வண்டிகள் தாராளமாக வந்துவிட்ட நேரம். கணக்குப்பிள்ளை கூட இலகுவான வண்டியாகப் பார்க்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது கனமான கியர் வண்டி. "வண்டி என்றால் அது வண்டி, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்பது என் எண்ணம். நல்ல நிலையில் இருந்த பழைய வண்டி ஒன்றை மலிவாக வாங்கிக் கடைப் பையனிடம் கொடுத்தேன்.

பையனுக்கு வயது இருபது. குட்டையான உடம்பு. வண்டியை நிறுத்தினால் முன்கால்தான் தரையில் படும். அதை நான் பார்க்கவில்லை. ஒரு நாள் அவசர ஆர்டர். பின் சீட்டில் இரண்டு எண்ணெய் டின், காலடியில் ஒரு சர்க்கரைச் சிப்பம், கைப்பிடியில் இரண்டு பைகள். நானே நின்று ஏற்றி அனுப்பினேன். தெற்குவாசல் அருகே முன்னால் போன ஆட்டோ நின்றது. பையன் பிரேக் போட்டான். வண்டி நின்றது. ஆனால் சாய்ந்த வண்டியைத் தாங்க அவன் கால் எட்டவில்லை. வண்டியும் சரக்கும் அவன் இடது காலின் மேல் விழுந்தன. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

வைத்தியச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஏழு மாதம் சம்பளமும் கொடுத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கடமை அது. அந்த வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான். இன்றும் என் கடையில்தான் வேலை செய்கிறான். கோடவுன் படியேறும்போது இடது காலைச் சற்று இழுத்து வைப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறைக்கும். வண்டியின் மேல் குற்றமில்லை. செய்த கம்பெனியின் மேலும் குற்றமில்லை. எனக்குப் பிடித்த வண்டியை, ஓட்டப்போகிறவனைப் பார்க்காமல் வாங்கியது என் குற்றம். ஏற்றத் தகாத பாரத்தை ஏற்றியது அதைவிடப் பெரிய குற்றம்.

அன்றிலிருந்து வண்டியைப் பார்க்கும் முறையை மாற்றிக்கொண்டேன்.

பாரம் எங்கே உட்கார வேண்டும்?

ஸ்கூட்டர் என்பது இரண்டு பேர் போவதற்குச் செய்த வண்டி. சரக்கு வண்டி அல்ல. ஆனாலும் நம் தொழிலில் சரக்கு ஏற்றாமல் இருக்க முடியாது. ஆகவே சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியோடு கொடுக்கும் கையேட்டில் அது தாங்கும் மொத்தப் பாரம் எழுதியிருக்கும். அந்தக் கணக்கில் ஓட்டுகிறவரும் சேர்த்தி. எடுத்துக்காட்டாக 130 கிலோ என்று போட்டிருந்தால், ஓட்டுகிறவர் 70 கிலோ போக மீதம் 60 கிலோ. ஒரு 26 கிலோ அரிசிச் சிப்பமும் இரண்டு 15 கிலோ எண்ணெய் டின்னும் வைத்தால் 56 கிலோ ஆகிவிட்டது. அதற்கு மேல் ஒரு சிப்பம் என்றாலும் இரண்டாம் நடை போவதே லாபம்.

எடையைப் போலவே அது உட்காரும் இடமும் முக்கியம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில், தாழ்வாக, அதாவது காலடித் தட்டில் இருக்கும் பாரம் நல்ல பாரம். பின் சக்கரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாரம் கெட்ட பாரம். அது முன் சக்கரத்தைத் தூக்கிவிடும், கைப்பிடி ஆடும், முன் பிரேக் பிடிக்காது. கைப்பிடியில் மாட்டும் பை எல்லாவற்றிலும் மோசம். திரும்பும்போது பையும் ஆடி, வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் டின்னைக் கட்டி, மறு பக்கம் காலியாக விடுவதும் கூடாது.

காலடித் தட்டில் வைக்கும்போதும், கைப்பிடி முழுவதும் திரும்புகிறதா, இரண்டு காலும் உள்ளே இருக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுகிற பையன்களைத் தினமும் பார்க்கிறோம். எதிரே வரும் பஸ் அந்தக் காலைக் கணக்கில் வைத்துக்கொண்டு வருவதில்லை.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

தினமும் மூட்டை ஏற்றுகிற மளிகைக் கடைக்காரர் அழகுக்காகச் செய்த ஸ்கூட்டரைத் தவிர்க்க வேண்டும். நடுவில் மேடாக, காலடித் தட்டு சமமாக இல்லாத வண்டிகள் வருகின்றன. இளைஞர்களுக்குப் பிடிக்கும். நமக்கு அதில் ஒரு சர்க்கரைச் சிப்பம் கூட நிற்காது. தட்டு அகலமாகவும் சமமாகவும் இருக்கிறதா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே ஒரு சிப்பத்தை வைத்துப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது அவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

மூட்டைதான் முக்கிய வேலை என்றால் ஸ்கூட்டரை விட மொபெட்டே மேல். ஓசூரிலிருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டுச் சிறு வணிகரின் வலது கை அதுதான். இன்றைய எக்ஸ்.எல். 100 வண்டியும் அதே வழி வந்தது. எடை 90 கிலோவுக்குள். 16 அங்குலச் சக்கரம். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் சரக்கு வைக்க இடம். கௌரவக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். கல்லாப் பெட்டியில் பணம் சேர்வதில்தான் வணிகனுக்குக் கௌரவம். ஆனால் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவருக்கும், இருவராகத் தூரம் போகிறவருக்கும் மொபெட் ஏற்றதல்ல.

கிராமத்து வழிகளிலும் குண்டும் குழியுமான சாலைகளிலும் வசூலுக்குப் போகிறவர் சிறு சக்கர வண்டியைத் தவிர்க்க வேண்டும். 10 அங்குலச் சக்கரம் குழியில் இறங்கும். 12 அங்குலச் சக்கரம் ஓரளவு தாண்டிவிடும். ஆக்டிவாவே 2020-இல் வந்த மாதிரியில்தான் முன் சக்கரத்தை 12 அங்குலம் ஆக்கியது. ஜூபிடர் 2013-இல் வரும்போதே இரண்டு சக்கரமும் 12 அங்குலம். வாங்கும்போது இதைக் கேளுங்கள்.

குட்டையானவரும், முழங்கால் வலி உள்ளவரும் உயரமான சீட்டும் அதிக எடையும் உள்ள வண்டியைத் தவிர்க்க வேண்டும். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு பாதமும் முழுவதும் தரையில் படியட்டும். சென்டர் ஸ்டாண்டை நீங்களே போட்டுப் பாருங்கள். விற்பனைப் பையன் போட்டுக் காட்டுவது கணக்கில்லை. கிக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் இப்போது கிக்கரே வைப்பதில்லை. பேட்டரி போய்விட்டால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மலைப் பாதையில் சரக்கோடு ஏறுகிறவர் சிறிய இன்ஜின் உள்ள கியர் இல்லாத வண்டியைத் தவிர்ப்பது நல்லது. அதில் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது ஒரு ரப்பர் பெல்ட். பாரத்தோடு ஏற்றத்தில் நின்று நின்று போனால் பெல்ட்டும் கிளட்ச்சும் சூடேறித் தேயும். 125 சி.சி. வண்டி அல்லது கியர் உள்ள மோட்டார் சைக்கிள் அவருக்கு ஏற்றது. சமவெளியில் ஓட்டுகிறவரும் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். அறுந்த பிறகு மாற்றலாம் என்று இருந்தால் அது நடுவழியில்தான் அறும்.

வீட்டில் சிறு குழந்தைகள் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கியர் இல்லாத வண்டியை ஓடவிட்டபடி கடை வாசலில் நிறுத்தினால், முன்னால் நிற்கும் குழந்தை ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் வண்டி பாய்ந்துவிடும். மின்சார வண்டியில் சத்தமே இல்லாததால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நிமிட வேலை என்றாலும் சாவியை எடுத்துவிடுங்கள்.

மின்சார வண்டி லாபமா?

வணிகர்கள் நாம், கணக்குப் போட்டே பார்ப்போம். ஒருவர் நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டுகிறார். மாதம் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் சுமார் 17 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 1,730 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார வண்டி 30 யூனிட் எடுக்கிறது என்று வைத்து, யூனிட்டுக்கு 10 ரூபாய் போட்டாலும் 300 ரூபாய்தான். மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் மிச்சம். வண்டி விலை 30,000 ரூபாய் கூடுதல் என்றாலும் 21 மாதத்தில் ஈடாகிவிடும்.

ஆனால் நாளுக்கு 8 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டும் கடைக்காரருக்கு மாதம் 380 ரூபாய்தான் மிச்சம். அவருக்கு அதே 30,000 ரூபாய் ஈடாக ஆறரை ஆண்டு பிடிக்கும். அதற்குள் பேட்டரியின் உத்தரவாத காலமே முடியலாம். ஓட்டம் அதிகம் உள்ளவருக்கு மின்சார வண்டி லாபம். ஓட்டம் குறைந்தவருக்கு அவசரமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் விலை மலிவு என்று பெயர் தெரியாத கம்பெனியின் மின்சார வண்டியை வாங்கினார். இரண்டு ஆண்டில் விற்ற கடையே காலி. பேட்டரி கேட்க ஆள் இல்லை. வண்டி இன்று கோடவுனில் தூசி படிந்து நிற்கிறது. ஆகவே ஊரிலேயே சர்வீஸ் இல்லாத மின்சார வண்டியைத் தவிர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை அப்படியே நம்பவும் கூடாது. பாரத்தோடு ஓட்டினால் தூரம் குறையும்.

2022-இல் நாட்டில் சில இடங்களில் மின்சார வண்டிகள் தீப்பற்றியதும், அதன் பின் அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியதும் நினைவிருக்கும். எப்படியிருந்தாலும் எண்ணெய் டின், அட்டைப்பெட்டி, சாக்கு இவற்றின் பக்கத்தில் வண்டியைச் சார்ஜ் போடாதீர்கள். இரவு கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே சார்ஜில் விட்டுப் போவது வேண்டவே வேண்டாம்.

காகிதங்களும் முக்கியம்

புது வண்டிக்கு 2018 செப்டம்பரிலிருந்து மூன்றாம் நபர் இன்சூரன்ஸை ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே கட்டுகிறோம். அதைப் பார்த்துவிட்டு, "ஐந்து வருஷம் கவலையில்லை" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது நாம் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு மட்டும். நம் வண்டி திருடு போனாலோ நொறுங்கினாலோ பணம் வர வேண்டுமானால் சொந்தச் சேதப் பாலிசி தனி. அதற்குக் காலம் எப்போது முடிகிறது என்று பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளருக்கு உள்ள 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உரிமையாளர் ஓட்டும்போதுதான் செல்லும். கடை ஆள் ஓட்டுகிறார் என்றால் அவருக்கு என்ன பாதுகாப்பு என்று ஏஜெண்டிடம் கேட்டு, தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள். 2003-இல் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்தால், 2019 சட்டத் திருத்தத்தின்படி வண்டியின் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கவும், கொடுத்த பணத்தை நம்மிடம் வசூலிக்கவும் வழி உண்டு. கடை, வீடு இரண்டையும் அடகு வைக்கும் நிலை வரலாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் 15 ஆண்டு முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் தகுதிச் சோதனை செய்து, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பழைய சேத்தக் மீது ஆசை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். தினசரித் தொழிலுக்கு அது இனி சரிப்படாது.

முடிவாக

வண்டிக் கடைக்குள் நுழையும் முன் இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்.

1. ஓட்டப்போவது யார்? அவர் உயரம், வயது, உடல்நிலை என்ன? அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

2. நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த மாதிரிச் சாலை?

3. ஒரு நடைக்கு எவ்வளவு எடை? காலடித் தட்டில் அது நிற்குமா?

4. கெட்டுப்போனால் அரை மணி நேரத்தில் சரி செய்ய ஊரில் ஆளும் சாமானும் உண்டா?

5. தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதச் செலவு என்ன? கடை தாங்குமா?

நிறம், சத்தம், விளம்பரம், பக்கத்துக் கடைக்காரர் வாங்கியது, நம் மனதுக்குப் பிடித்தது இவையெல்லாம் ஆறாவது கேள்வியாக இருக்கட்டும். ஐந்துக்கும் சரியான விடை கிடைத்த பிறகு ஆசைப்பட்ட நிறத்தில் வாங்குங்கள். ஹெல்மெட்டையும் அன்றே வாங்குங்கள். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று.

என் கடையில் இப்போது டெலிவரிக்கு ஒரு மொபெட்டும் ஒரு மின்சார ஸ்கூட்டரும் இருக்கின்றன. இரண்டையும் தேர்ந்தெடுத்தது நான் அல்ல. கால் முறிந்த அந்தத் தம்பியைத்தான் அனுப்பி வைத்தேன். உட்கார்ந்து பார்த்து, சிப்பத்தை வைத்துப் பார்த்து, அவன் சரி என்று சொன்ன பிறகே பணம் கட்டினேன். எனக்கு அந்த இரண்டின் நிறமும் பிடிக்கவில்லை. ஆனால் இத்தனை நாளில் ஒரு பையனும் விழவில்லை.

வணிகர் அனைவரும் நலமுடன் சென்று வர வாழ்த்துகிறேன்.